இருபத்திரண்டு டிகிரி

பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சௌக்கியம். தொண்டையும் சௌக்கியம், இப்போது எனக்குச் சோறு போடுவது அதுதானே. உன் முதுகுவலி தேவலையா? அண்ணியின் முட்டியை நீயே எக்ஸ்ரே எடுத்தாயாமே. இருபது வருடக் கல்யாண வாழ்க்கையில் என்னை உருப்படியாகப் படமெடுத்தது இந்த ஒரு தடவைதான் என்று போனில் சொல்லிச் சிரித்தார்.

கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று இங்கே எல்லோரும் கேட்கிறார்கள். நான் பேச ஆரம்பித்தால் வர்ணனை மாதிரி ஓடுகிறது, அண்ணனுக்கு வாய் திறக்க இடம் கிடைப்பதில்லை, அவன் போட்ட சட்டம் இது என்று சொல்லிவிடுகிறேன். விளையாட்டு விடுதியில் சேர்ந்த பன்னிரண்டு வயதிலிருந்து எழுதுகிறோம். நிறுத்த மனமில்லை.

சீசன் தொடங்கிவிட்டது. வர்ணனை அறையில் என் பக்கத்து நாற்காலி ஒரு பழைய தொடக்க ஆட்டக்காரருக்கு. நல்ல மனிதர். ஆனால் மைக்குக்கு அரையடி தள்ளி உட்கார்ந்து பிஸ்கட் கடிக்கிறார். போன வாரம் ஒரு நேயர், மைதானத்தில் யார் சரளைக்கல் மேல் நடக்கிறார்கள் என்று கேட்டு எழுதியிருந்தார்.

ஒரு செய்தி. பெண்கள் லீகில் புதிதாக ஒரு சுழல்பந்து வீச்சாளர் வந்திருக்கிறாள். இருபது வயது. சிட்டு என்று கூப்பிடுகிறார்கள். சனிக்கிழமை நாலு விக்கெட் எடுத்தாள். ஆட்டம் முடிந்ததும் அம்பயர் அவள்மேல் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். பந்து போடும்போது முழங்கை மடங்கி நிமிர்கிறதாம், வீசவில்லை, எறிகிறாளாம். எழுதியது யார் தெரியுமா? பதினான்கு வருடத்துக்கு முன்னால் என்மேல் எழுதிக் கொடுத்தாரே, அதே மனிதர்தான்.

என் கையில் மைக் இருந்தது. பரிசோதனை முடிவு வரட்டும் என்று சொல்லிவிட்டு மேகமூட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன்.

அண்ணியை மாடிப்படி ஏறவிடாதே.

உன்,
வாலு

*

பிப்ரவரி 19

அன்புள்ள வாலுவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். என் முதுகு நான் உட்கார்ந்தால் வலிக்கிறது, நின்றால் வலிக்கிறது. ஆகவே படுத்துக்கொண்டு எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்து நீ பயப்பட வேண்டாம்.

அந்த மனிதர் இன்னும் வீட்டுக்குப் போகவில்லையா? உன் கடிதத்தை எக்ஸ்ரே அறையில் வைத்துப் படித்தேன். கோபத்தில் ஒருவருடைய வலது காலுக்குப் பதிலாக இடது காலைப் படமெடுத்துவிட்டேன்.

பதினோரு வருடம் ஆடினாய். நூற்று அறுபத்து மூன்று விக்கெட். அவர் ஒரு தாளில் நாலு வரி எழுதினார். மூன்றே வாரத்தில், பரிசோதனைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, தோள்வலி என்று சொல்லி ஓய்வு பெற்றாய். தோள்வலி ஊருக்குச் சொன்னது. மனம் வெறுத்துத்தான் விலகினாய் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அவருக்கு மூன்று கடிதம் எழுதினேன். அவர் பதில் போடவில்லை. மூன்றிலும் நான் மரியாதையாக எழுதியிருந்தேன் என்று சொல்ல முடியாது.

எட்டு வயதில் உடைந்து கோணலாகச் சேர்ந்த முழங்கை உன்னுடையது. அது முழுசாக நீளவே நீளாது. நிமிரவே முடியாத கை நிமிர்ந்தது என்று ஒருவர் எப்படி எழுதலாம்? அந்தப் பழைய எக்ஸ்ரே என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அதை ஒரு தடவை டிவியில் காட்டினால் போதும்.

கையில் மைக்கை வைத்துக்கொண்டு நீ ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? அதுதான் எனக்குப் புரியவில்லை.

அன்புடன்,
அண்ணன்

*

மார்ச் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். இடது காலைக் கொடுத்த அந்தப் புண்ணியவானிடம் என் சார்பில் மன்னிப்புக் கேள்.

நீ நினைத்ததையே எங்கள் புரொடியூசரும் நினைத்திருக்கிறார். ஒரு மணி நேர நேரலை நிகழ்ச்சி: இரண்டு வீச்சாளர்கள், ஒரே அம்பயர். நடத்தப்போவது நான். விளம்பரம் இப்போதே ஓட ஆரம்பித்துவிட்டது. அதில் என் பழைய படத்தையும் சிட்டுவின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, நடுவில் அம்பயரின் முகத்தைக் கறுப்பாகக் காட்டுகிறார்கள். ஆளைப் பார்த்தால் வங்கியைக் கொள்ளையடித்தவர் மாதிரி இருக்கிறார்.

இந்த வேலைக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது தெரியுமா? முதல் நாள் ஒரு ஓவர் முழுக்க மூச்சு விடாமல் பேசினேன். அப்போதிருந்த மூத்த வர்ணனையாளர் அம்மா ஒரு காகிதத்தில் எழுதி என் முன்னால் தள்ளினார்: "பந்து போகும்போது நீ பேசாதே. பந்து பேசும்." அன்றிலிருந்து எப்போது வாயை மூட வேண்டும் என்பதுதான் என் தொழில். அதில் நான் கெட்டிக்காரி, வெட்கப்படாமல் சொல்லிக்கொள்கிறேன்.

புது வீடு வெளிச்சமாக இருக்கிறது. மேல்வீட்டுக்காரர் காலையில் ஸ்கிப்பிங் ஆடுகிறார். நூற்றிருபதுக்கு மேல் போனதே இல்லை. உன் பெண் பரீட்சையை நன்றாக எழுதினாளா?

உன்,
வாலு

*

மார்ச் 9

அன்புள்ள வாலுவுக்கு,

பரீட்சையை நன்றாக எழுதியதாக அவள் சொல்கிறாள். அத்தையைப் போலவே தன்னம்பிக்கைக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

நிகழ்ச்சியைப் பற்றிப் படித்ததும் மருத்துவமனை முழுக்கச் சொல்லிவிட்டேன். எலும்பு டாக்டர் அன்று ஓ.பி.யைச் சீக்கிரம் முடிக்கிறாராம். உன் எக்ஸ்ரேயைப் பதிவுத் தபாலில் தனியாக அனுப்பியிருக்கிறேன். எங்கே உடைந்தது, எங்கே கோணலாகச் சேர்ந்தது என்று அம்புக்குறி போட்டிருக்கிறேன். புரொடியூசரிடம் கொடு. மடக்காதே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது.

உன் கை உடைந்த அன்று உன்னை சைக்கிளில் டபுள்ஸ் வைத்து இறக்கத்தில் விட்டவன் நான். பிரேக் பிடிக்காது என்பது எனக்கு முன்பே தெரியும். வேகமாகப் போக வேண்டும் என்று கேட்டது நீ என்று அம்மாவிடம் சொன்னேன். நீயும் ஆமாம் என்றாய். நீ கேட்கவே இல்லை. பதினான்கு வருடமாக உன் ஆட்டம் நின்றுபோனதை யார் பேசினாலும் எனக்கு அந்த இறக்கம்தான் ஞாபகம் வருகிறது. கை நேராக இருந்திருந்தால் அந்த மனிதருக்குச் சந்தேகமே வந்திருக்காது. அவர் பாதி கெடுத்தார் என்றால் மீதியைக் கெடுத்தது நான். அதனால்தான் அவர்மேல் இவ்வளவு கோபப்படுகிறேனோ என்று அண்ணி கேட்கிறாள். இருக்கலாம்.

எழுதிவிட்டேன். இரண்டு வரி பதில் போடு.

அன்புடன்,
அண்ணன்

*

ஏப்ரல் 6

அன்புள்ள வாலுவுக்கு,

நலமா? தபால் உனக்குக் கிடைத்ததற்கான ஒப்புகை அட்டை மூன்று வாரத்துக்கு முன்பே வந்துவிட்டது. கையெழுத்து உன்னுடையதுதான்.

சீசன் நேரம், ஓயாமல் ஊர் ஊராகப் பறந்துகொண்டிருப்பாள் என்கிறாள் அண்ணி. அப்படித்தான் இருக்கும். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

*

ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. பறக்கவும் இல்லை. வீட்டில்தான் இருந்தேன். உனக்கு நாலு தடவை எழுத உட்கார்ந்து எழுந்தேன். இந்தத் தடவை எழுதி முடிக்காமல் எழுந்திருப்பதில்லை.

நேற்று சிட்டு என்னைப் பார்க்க ஸ்டூடியோவுக்கு வந்தாள். ஒப்பனை அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். ஒல்லியான பெண், கண்ணைப் பார்த்துப் பேசுகிறாள். அடுத்த வாரம் அவளுக்குப் பரிசோதனை. உட்கார்ந்ததும் கேட்டாள்:

"அக்கா, டெஸ்டுக்குப் போகாம நீங்க தோள்வலின்னு விலகினதாலதான் உங்க பேர் இன்னிவரைக்கும் நல்லா இருக்குன்னு எங்க மேனேஜர் சொல்றார். என்னையும் அப்படியே எழுதிக் குடுக்கச் சொல்றார். குடுத்துடவா?"

மேசையில் கிடந்த சீப்பை எடுத்து எடுத்து வைத்தேன். வாயை மூடுவது தொழில் என்று போன தடவை உனக்குப் பெருமையடித்தேன். நேற்று அது தொழிலாக இருக்கவில்லை.

அண்ணா, அந்த அம்பயர் எழுதியது சரி.

என் சாதாரணச் சுழல் பந்தில் எந்தக் கோளாறும் இல்லை. கடைசி இரண்டு வருடம் திடீரென்று வேகமாக ஒரு பந்து போடுவேனே, எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுவார்களே, அதுதான் கோளாறு. புகார் வந்ததும் எங்கள் கோச் என்னை ரகசியமாக ஒரு பல்கலைக்கழகச் சோதனைக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். உடம்பெல்லாம் சின்னச் சின்ன உருண்டைகளை ஒட்டி, சுற்றிலும் கேமரா வைத்துப் பந்து போடச் சொன்னார்கள். முழங்கை பதினைந்து டிகிரி வரை நிமிரலாம் என்பது விதி. சாதாரணப் பந்துக்கு ஒன்பது. அந்தப் பந்துக்கு இருபத்திரண்டு.

என் கை முழுசாக நீளாது என்று நீ சொல்வது உண்மை. ஆனால் அது நீளும் தூரத்துக்குள்ளேயே நான் எறிந்திருக்கிறேன். உடைந்த எலும்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வேகம் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கை எறிவது எனக்குள்ளேயே தெரிந்தது. இரண்டாவது வருடத்தில் தெரிந்தேதான் போட்டேன்.

அந்த ஒரு பந்தை மட்டும் விட்டுவிட்டு ஆடு என்று கோச் கெஞ்சினார். ஆடியிருக்கலாம். ஆனால் விட்டால் அம்பயர் சொன்னது சரி என்று ஆகிவிடும். அதைவிடத் தோள்வலி கௌரவமாக இருந்தது. கோச் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. இப்போது அவரும் இல்லை.

நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை என்பது உண்மை. சொல்லத் தேவைப்படவில்லை, எனக்காக எல்லோரும் சொன்னார்கள். அவர் வீட்டு வாசலில் கூட்டம் போட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு இறுதிப் போட்டிகூட அவருக்குக் கொடுக்கவில்லை. பேப்பரில் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன்.

உன் சைக்கிளைப் பற்றிப் படித்தபோது என்னால் பக்கத்தைத் திருப்ப முடியவில்லை. நீ அப்படி நினைத்துக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தோன்றியதே இல்லை என்று எழுத ஆசைதான். சில சமயம் தோன்றியது. கேட்கவில்லை.

சிட்டுவிடம் சொல்லிவிட்டேன். உன்னிடமும் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நேரலையில் எல்லோரிடமும் சொல்வேன். அதற்கு முன்னால் உன் கைக்குக் கிடைக்கட்டும் என்று இதை விரைவுத் தபாலில் போடுகிறேன்.

உன்,
வாலு

*

ஏப்ரல் 29

அன்புள்ள அண்ணனுக்கு,

சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நிகழ்ச்சியைப் பார்த்தாயா இல்லையா என்று தெரியவில்லை. எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

ஒரு மணி நேரம் முன்னால் புரொடியூசரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உட்கார்ந்துவிட்டார். தனியாகப் பதிவு செய்துகொள்வோம், இன்று மட்டும் விளம்பரத்தில் சொன்னபடி போகட்டும் என்றார். அந்த விளம்பரம்தான் பொய் என்றேன். நிகழ்ச்சியை நிறுத்துவதானால் இப்போதே நிறுத்தலாம், நான் உட்கார்ந்தால் இதைத்தான் பேசுவேன் என்றேன். வேறு ஆள் தேட நேரமில்லை. உட்கார வைத்தார்கள்.

சுற்றி வளைக்கவில்லை. என்மேல் வந்த புகார் சரியானது என்று முதல் வரியிலேயே சொன்னேன். இரண்டு எண்களையும் சொன்னேன். தோள்வலி பொய் என்றேன். அம்பயரின் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அழவில்லை, அழுதால் எனக்கே பரிதாபம் வந்துவிடும் என்று பிடிவாதமாக இருந்தேன். பக்கத்தில் இருந்த என் பிஸ்கட் நண்பர் முதல் தடவையாக மெல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அம்பயரின் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி, வாசலில் காய்ந்த துணிகள். அவரே கதவைத் திறந்தார். வயதாகிவிட்டது, தொப்பிக்குள் பார்த்த முகம் வெளியில் சின்னதாக இருக்கிறது. டிவியில் பேசினது போதாது, நேரில் சொல்ல வேண்டும் என்று வந்தேன் என்றேன். அவர் மனைவியும் மகனும் உள்ளே நின்றிருந்தார்கள்.

அவர் சொன்னார்: "நீங்க சொன்னது எனக்குப் புதுசு இல்லம்மா. என் வீட்ல இருக்கறவங்களுக்குத்தான் புதுசு."

அப்புறம் தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். அவர் மன்னித்தாரா என்று கேட்காதே. அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சேனல் இந்த சீசன் முழுக்க எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டது. தபாலில் திட்டு வருகிறது, பாராட்டும் வருகிறது. இரண்டும் நல்ல கையெழுத்தில் இல்லை. என் விக்கெட்டுகளில் எத்தனை செல்லும் என்று பத்திரிகைகளில் கணக்குப் போடுகிறார்கள். போடட்டும். எனக்குப் பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக வலது கை லேசாக இருக்கிறது.

உன்னிடமிருந்து கடிதம் இல்லை.

உன்,
வாலு

*

மே 10

அன்புள்ள வாலுவுக்கு அண்ணி எழுதுவது,

என் முட்டி தேவலை. நீ நலமாக இருப்பாய் என்று தெரியும், டிவியில் பார்த்தேனே.

உன் கடிதம் வெள்ளிக்கிழமையே கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் டிவி முன்னால் வரவில்லை. குளியலறையில் குழாயைப் பழுது பார்க்கிறேன் என்று போனவர் நிகழ்ச்சி முடிந்துதான் வெளியே வந்தார். குழாய் இப்போது முன்னைவிட அதிகமாக ஒழுகுகிறது.

மருத்துவமனையில் யாரோ, என்ன சார், உங்க தங்கச்சி இப்படிச் சொல்லிட்டாங்களே என்று கேட்டிருக்கிறார். நீங்க பதினான்கு வருஷம் மனசுல வெச்சிருந்த ஒரு தப்பை எத்தனை பேர் முன்னால சொல்லுவீங்க என்று கேட்டாராம் இவர். எலும்பு டாக்டர்தான் என்னிடம் சொன்னார். வீட்டில் வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. உனக்கு எழுத உட்காருகிறார், கிழிக்கிறார். அந்த அம்பயருக்கும் ஒன்று எழுதினார். அதை மட்டும் கிழிக்காமல் தபாலில் போட்டிருக்கிறார்.

அவசரப்படுத்தாதே. நீயும் சும்மா இருந்துவிடாதே.

அன்புடன்,
அண்ணி

*

ஜூன் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணி சும்மா இருக்காதே என்றதால் எழுதுகிறேன். நான் நலம். குழாய்க்கு ஆள் வைத்துவிடுங்கள்.

சிட்டு பரிசோதனைக்குப் போனாள். தோள்வலிக் கடிதத்தை மேனேஜர் எதிரிலேயே நாலாகக் கிழித்தாளாம். அவளுடைய சுழல் பந்துக்குப் பதினொன்று டிகிரி. எந்தச் சிக்கலும் இல்லை. ஆனால் அவளிடமும் ஒரு வேகமான பந்து இருக்கிறது, அதற்குப் பதினேழு. அதைப் போடக்கூடாது, மற்றதைப் போடலாம் என்று தீர்ப்பு. அம்பயர் எழுதியதும் சரி, அவளுக்கு ஆட்டமும் மிச்சம். முடிவு வந்த அன்று எனக்கு போன் செய்து, "பதினேழு எனக்கு வேண்டாம்க்கா, பதினொண்ணு போதும்," என்றாள். எனக்கு இருபத்தேழு வயதில் வராத புத்தி.

என்னை வானொலியில் கூப்பிட்டிருக்கிறார்கள். போன திங்கட்கிழமையிலிருந்து போய்க்கொண்டிருக்கிறேன். சின்ன அறை, ஒரே ஒரு ஜன்னல், படம் கிடையாது. டிவியில் பாதியைப் படம் சொல்லிவிடும். இங்கே களத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பது முதல் ஒவ்வொன்றையும் நான்தான் சொல்ல வேண்டும். எனக்கு இது பிடித்திருக்கிறது. நன்றாகச் செய்வேன்.

அந்த வேகப் பந்துக்குத் தடை வந்த பிறகு சிட்டு ஆடிய முதல் ஆட்டம் என் மைக்கில்தான் போனது. முதல் ஓவரிலேயே அவள் பந்தில் இரண்டு பவுண்டரி அடித்தார்கள். அந்த வேகமான பந்தைப் போட அவள் கை துடிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. போடவில்லை. மெதுவாகவே போட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் விக்கெட் ஒன்றுதான். நான் அதை எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னேன் என்றால், கேட்டவர்கள் உலகக்கோப்பையை ஜெயித்துவிட்டோம் என்று நினைத்திருப்பார்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உன் கோபம் போய்விட்டதா? போகவில்லை என்றால் போகவில்லை என்று எழுது. உன் கையெழுத்தைப் பார்த்துக் கிட்டத்தட்ட இரண்டு மாதம் ஆகிறது.

உன்,
வாலு

*

ஜூன் 12

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். முதுகு அப்படியேதான் இருக்கிறது. உன் பெயரைச் சொன்னால் அதிகம் வலிப்பதாக உன் அண்ணி கிண்டல் செய்கிறாள்.

அம்பயரிடமிருந்து எனக்கு இந்தத் தடவை பதில் வந்தது. ஒரு பக்கம். பழைய மூன்று கடிதங்களும் அவருக்கு ஞாபகம் இருக்கிறதாம். இரண்டாவதில் நான் எழுதிய ஒரு வசையை அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை என்று எழுதியிருக்கிறார். அவர் என்னைச் சிரிக்க வைப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். நீ பந்தை எறிந்ததில் எனக்குக் கோபமில்லை. ஆசையில் செய்தாய். அதை ஊரறியச் சொல்ல எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். உன்னை நினைத்துப் பெருமைப்பட்டேன், அதை ஒருவரிடமும் காட்டிக்கொள்ளவில்லை. என் கோபம் வேறு. "சில சமயம் தோன்றியது, கேட்கவில்லை" என்று ஒரு வரி எழுதினாயே, அதில் இருக்கிறது. ஒரு போன், ஒரு கார்டு, "அண்ணா, உன் சைக்கிள் காரணமில்லை" என்று நாலு சொல். பதினான்கு வருடத்தில் உனக்கு அதற்கு நேரம் கிடைக்கவில்லை. நானும் கேட்டிருக்கலாம்தான். அது என் தப்பு; அதை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் தப்பை நீ பார்த்துக்கொள்.

வானொலியைக் கேட்கிறேன். எக்ஸ்ரே அறையில் வைக்கக்கூடாது என்பது விதி. சத்தத்தைக் குறைத்து வைத்திருக்கிறேன். டிவியில் பேசியதைவிட நன்றாகப் பேசுகிறாய். ஆனால் ஃபைன் லெக்கில் ஆள் நிற்கிறாரா இல்லையா என்று அடிக்கடி சொல்ல மறந்துவிடுகிறாய். எலும்பு டாக்டருக்கும் இதே குறை.

கோபம் போய்விட்டதா என்று கேட்டாய். போகவில்லை. இருபதாம் தேதியிலிருந்து நாலு நாள் லீவு போட்டிருக்கிறேன். காலை ரயிலில் வருகிறேன். கோபத்தோடுதான் வருகிறேன். சாப்பாடு செய்து வை.

அண்ணன்